டிரைவர் பக்கக் கதவு

தினமும் காலை ஐந்தரை மணிக்கு என் கணவர் என் காரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தார். மூன்று வருடம் நான் அதைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அடுக்களைச் சன்னலைத் திறந்தால் போர் மோட்டார் ஓடும் சத்தமும் வண்டியின் மேல் நார் தேய்க்கும் சத்தமும் கேட்கும். பால் ஊற்ற வரும் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள், "டீச்சரம்மாளுக்கு என்னங்க கொறைச்சல்? வண்டி கழுவக் கூட வூட்டுக்காரரு இருக்காரு" என்பார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். அந்தக் குளிர்ச்சியை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

நான் சித்தூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் வழி வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். கேரளத்தில் உட்கார்ந்துகொண்டு தமிழில் கணக்கு நடத்துவது வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். கிழக்குப் பாலக்காட்டில் அது சாதாரணம். எங்கள் வீடு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. கல்யாணமாகி வந்து பதினொரு வருடம் இரண்டு பஸ் மாறித்தான் பள்ளிக்குப் போனேன். முதல் பஸ் போய்விட்டால் அன்றைக்குத் தலைமையாசிரியர் முகத்தில் விழிக்க முடியாது. மழைக்காலத்தில் நனைந்த சேலையோடு நின்று பின்னக் கணக்குப் போட்டவள் நான். அதனால்தான் கார் வாங்கினேன். என் சம்பளத்தில், என் பெயரில் வாங்கினேன்.

கறுப்பு நிறம் வாங்கினேன். விற்பனைக்காரரே, "கறுப்பு மெயின்டெனன்ஸ் கஷ்டம் மேடம்" என்றார். மாமியார், "கறுப்பு எதுக்கு அம்முணி? வெள்ளை லட்சணமா இருக்குமே" என்றார். எனக்குக் கறுப்புதான் வேண்டும் என்று நின்றேன். அந்த வீட்டில் நான் விரும்பிக் கேட்டு, யாரிடமும் அனுமதி வாங்காமல் எடுத்த முதல் பொருள் அது. புதிதாக வந்த அன்று அதன் கதவில் என் முகத்தைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டேன். கண்ணாடி தேவைப்படவில்லை.

இதில் இன்னொரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் தேர்வில் எச் என்ற எழுத்தின் வடிவத்தில் நட்டு வைத்த கம்பிகளுக்கு நடுவே வண்டியை முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். எங்கள் பக்கம் இதை "எச் எடுக்கிறது" என்பார்கள். நான் முதல் தடவையே எடுத்தேன். என் கணவர் இரண்டு தடவை கம்பியைத் தட்டினார். மூன்றாம் தடவைக்குப் போகவே இல்லை. கேட்டால், "தோப்புல சோலி கெடக்குது" என்பார். ஓட்ட வராத மனிதர் கழுவுவதைக் கையில் எடுத்துக்கொண்டார். நானும் போகட்டும் என்று விட்டேன்.

எப்படிக் கழுவினார் என்பதைச் சொல்கிறேன், கேளுங்கள். மாட்டுத் தொழுவத்து வாளியில் தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் சப்பைத் தண்ணீர். பருப்பு வேகாது, குழாய் முனையில் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும். மாடு தேய்க்கிற அதே தேங்காய் நார். அது கீழே விழுந்தால் கரிசல் மண் ஒட்டும். அதை அப்படியே எடுத்து வாளியில் ஒரு முக்கு முக்கி, மேலே தேய்ப்பார். வட்டம் வட்டமாக, மூச்சு வாங்கும் வரை. பிறகு வெயில் ஏறும் முன் பழைய வேட்டியால் துடைப்பார். வெள்ளிக்கிழமை முன்பக்கத்தில் விபூதியைக் குழைத்து மூன்று பட்டை போட்டு, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைப்பார். சனிக்கிழமை அந்தக் காய்ந்த விபூதியை வறட்டுத் துணியால் அழுத்தித் தேய்த்து எடுப்பார். விபூதி என்றால் சாம்பல். வெள்ளிப் பாத்திரம் எதைப் போட்டு விளக்குகிறோம் என்று யோசித்திருந்தால் எனக்கு அன்றே புரிந்திருக்கும். யோசிக்கவில்லை. கணக்கு வாத்தியாரம்மாள்!

புரிய வைத்தது பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஒரு டீச்சர். அன்று மரத்தடியில் இடமில்லாமல் உச்சி வெயிலில் நிறுத்தியிருந்த வண்டியருகே நின்று பேசிக்கொண்டிருந்தோம். அவள் சாதாரணமாக, "டீச்சர், இது செகண்ட் ஹேண்டில் எடுத்ததா?" என்று கேட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். முன்பக்கத்தில் சூரியன் தெரிந்தது. சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி ஆயிரம் கீறல்கள், எல்லாம் வட்டம் வட்டமாக. முந்தானையால் துடைத்தேன், போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன், போகவில்லை. பக்கவாட்டில் உப்புத் தண்ணீர் காய்ந்த வளையங்கள். கறுப்பு என்று நான் வாங்கியது சாம்பல் நிறத்தில் நின்றது. அதிகாலையில் எடுத்து, பள்ளி வேப்பமரத்தடியில் நிறுத்தி, மாலையில் வீட்டுக்குப் போகிறவள். நல்ல வெயிலில் வைத்து அதை ஒரு நாளும் நான் உற்றுப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் நான் போட்ட சத்தம் தோப்பைத் தாண்டிக் கேட்டிருக்கும்.

"தேய்க்காம எப்படிப் போகும் அழுக்கு?" என்றார் கணவர். உண்மையாகவே புரியாமல் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அழுக்கு போகலீங்க, பெயிண்ட்டு போயிருச்சு!"

"எங்க போயிருக்குது? கறுப்பாத்தானே இருக்குது?"

மாமியார் உள்ளேயிருந்து வந்தார். "குண்டாவைத் தேச்சாத்தான் அம்முணி பளபளன்னு இருக்கும். அவன் விடிய எந்திரிச்சு ஒரு நாள் விடாமக் கழுவறான். வேற எந்தப் புருசன் செய்வான்? அதுக்கும் கொறை சொன்னீன்னா என்ன பண்றது?"

அன்பாகச் செய்தால் கெடுதல் செய்தாலும் நன்றி சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. அடுத்த சனிக்கிழமை பாலக்காட்டுக்கு வண்டியை எடுத்துப் போனேன்.

பைபாஸ் ரோட்டில், பெயிண்ட்டுக்குப் பாலிஷ் போடுகிற ஒருவரைப் பற்றிச் சக ஆசிரியர் சொல்லியிருந்தார். வளைகுடாவில் பல வருடம் இதே வேலை பார்த்துத் திரும்பியவர். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவர், மலையாளம் கலந்த தமிழ். வண்டியை உள்ளே ஏற்றி ஒரு விளக்கைப் பிடித்தார்.

"டீச்சரே, இது யாரு கழுவினது?"

"வீட்டுக்காரருங்க."

"நல்ல சிநேகத்தோட கழுவியிருக்கு" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

அவர் சின்ன மீட்டர் ஒன்றை எடுத்து, வண்டியில் இங்கும் அங்குமாக வைத்து, ஒவ்வொரு இடத்திலும் எண்ணைப் பார்த்தார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். நாம் பார்க்கிற நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். மினுக்கம் முழுக்க அதில்தான். கீறல்களும் அதில்தான் விழுந்திருக்கின்றன. மிஷின் வைத்துத் தேய்த்தால் கீறலின் அடிமட்டம் வரைக்கும் அந்தப் பூச்சை இறக்கலாம். அப்போது கீறல் இருக்காது. ஆனால் பூச்சு அந்த அளவுக்கு மெலிந்துவிடும்.

"வேற வண்டின்னா மூணு நாலு தடவை பண்ணலாம். இதில் நார் பாதியைத் தின்னுட்டுது. ஒரு தடவை பண்ணித் தரேன். ஒரே ஒரு தடவை. அதுக்குப் பிறகு யாராவது கீறினா மிஷின் வைக்க முடியாது, கலரே போயிரும். டீச்சருக்கு மனசிலாச்சா?"

மனசிலாச்சு. கழித்தல் கணக்குத்தான், இருப்பில் ஒன்று மிச்சம்.

இரண்டு நாள் ஆயிற்று. நான் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என் வண்டியை வேறொருவர் தொடுகிறபோது நான் கிட்டே நிற்காவிட்டால் என்ன நடக்கும் என்று மூன்று வருடம் பார்த்தாயிற்று. முதலில் நுரை அடித்து, தொடாமலே மண்ணை இறக்கினார். பிறகு பிசைந்த மாவு போன்ற ஒரு கட்டியை ஈரத்தில் உருட்டி, ஒட்டியிருந்ததை எல்லாம் எடுத்தார். விளிம்புகளில் பூச்சு மெல்லிசாக இருக்குமாம். அங்கெல்லாம் டேப் ஒட்டினார். மிஷினை முன்பக்கத்தில் பாதிக்கு மட்டும் ஓட்டி, துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

ஒரு பாதியில் சாம்பல். மறு பாதியில் கறுப்பு. நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி இருந்தது. கறுப்புப் பாதியில் மேலே தொங்கிய டியூப்லைட் வளையாமல் நேராகத் தெரிந்தது. பக்கத்தில் என் முகம். வண்டி வந்த முதல் நாள் பார்த்த அதே முகம். கொஞ்சம் வயது கூடியிருந்தது, அவ்வளவுதான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு துணியை உதறினார்.

போகும்போது எப்படிக் கழுவ வேண்டும் என்று சொல்லித் தந்தார். இரண்டு வாளி: ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். நல்ல தண்ணீர்தான், சப்பை கூடாது. மைக்ரோ ஃபைபர் துணி. வட்டம் போடாமல் நேர்கோட்டில், அழுத்தாமல். துணி கீழே விழுந்தால் அத்தோடு சரி, வேறு துணி எடுக்க வேண்டும். "விபூதி வைக்கணும்னா கண்ணாடியில் வைங்க டீச்சரே, தெய்வம் கோவிக்காது" என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரை வண்டிக்கு எதிரில் நிறுத்தினேன். அவர் நிஜமாகவே அசந்துபோனார். "அடேயப்பா, புதுசாட்ட இருக்குது" என்றார். கையை நீட்டித் தொடப் போனார், நான் பிடித்துக்கொண்டேன். இன்னும் ஒரு தடவை கீறினால் இதற்கு மருந்து கிடையாது என்று, வகுப்பில் சொல்வது போல மூன்று முறை சொன்னேன்.

"இனிமே இதை நாந்தான் கழுவுவேன். நீங்க தொடக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"செரி, தொடலை."

"சத்தியமா?"

"என்ன புள்ள இது, சின்னக் கொழந்தையாட்ட. சத்தியமாத் தொடலை."

இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் கழுவினேன். நல்ல தண்ணீர்க் குழாயிலிருந்து இரண்டு வாளி சுமந்துகொண்டு வருவேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்று பார்ப்பார். பாவமாகத்தான் இருந்தது. மனிதருக்கு அந்த வண்டியில் இருந்த ஒரே வேலையைப் பிடுங்கிவிட்டேன் என்று தெரிந்தது. அதற்காக வாளியைக் கையில் கொடுக்க முடியுமா? முடியாது. வேண்டுமானால் போய் எச் எடுக்கட்டும்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வீட்டில் அது பெரிய நோம்பி. டிராக்டர், மருந்தடிக்கிற மிஷின், மோட்டார், பைக், மண்வெட்டி, தேங்காய் உரிக்கிற பாரை எல்லாவற்றையும் கழுவி, பொட்டு வைத்து, சாயங்காலம் பூஜை போடுவார்கள். அதற்கு முந்தின நாள் எனக்கு மாதவிலக்கு வந்தது. மாமியாருக்குச் சொல்ல வேண்டியது முறை, சொன்னேன். அந்த மூன்று நாளும் நான் பூஜை அறைக்கும் அடுக்களைக்கும் போவதில்லை. பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பெண்களை உட்கார வைத்து, இதில் தீட்டும் இல்லை ஒன்றும் இல்லை, உடம்பு வேலை செய்கிறது, அவ்வளவுதான் என்று வாய் கிழியப் பேசுகிறவள் நான். வீட்டுக்கு வந்தால், சண்டை எதற்கு, அந்த வயதில் அவரை மாற்ற முடியுமா என்று ஒதுங்கி உட்கார்ந்துகொள்வேன். பதினான்கு வருடம் அப்படித்தான் உட்கார்ந்தேன். இந்தக் கதையில் எனக்கு யார் மேல் கோபம் என்று கேட்டால், வரிசையில் நானும் நிற்கிறேன்.

பூஜையன்று விடியற்காலை வயிற்றுவலியோடு எழுந்து, வண்டியைக் கழுவினேன். என் வண்டி, என் பூஜை நாள். இரண்டு வாளி, நேர்கோடு, அழுத்தாமல். டயரைக் கூடத் தனித் துணியால் துடைத்தேன். மாமியார் வாசலில் கோலம் போட வந்தவர் நின்று பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கோலப்பொடிக் கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டார். பரவாயில்லையே, அத்தை மாறிவிட்டார் என்று நினைத்தேன். வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு, மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு மாடி அறைக்குப் போய்ப் படுத்தேன். மத்தியானம் வரைக்கும் தூங்கினேன்.

சாயங்காலம் பூஜையைத் தள்ளி நின்று பார்த்தேன். கொட்டகையில் டிராக்டருக்குப் பக்கத்தில் என் கார் மாலையோடு நின்றது. ஈரமாக இருந்தது. காலையில் நான் துடைத்துக் காய வைத்தது ஏன் ஈரமாக இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. மஞ்சள் வாசம் அடித்தது; மஞ்சள் தண்ணீர் தெளித்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். கொட்டகை நிழலில், ஈரத்தில், எந்தக் கீறலும் தெரியாது. பாலிஷ்காரர் இதைச் சொல்லித் தந்திருந்தார்: வண்டியின் உண்மை தெரிய வேண்டுமென்றால் காய்ந்த பிறகு வெயிலில் பார்க்க வேண்டும்.

மறுநாள் விஜயதசமி. பத்து மணிக்கு வண்டியை வெளியே எடுத்து நிறுத்தி, மாலையைக் கழற்றினேன். வெயில் நேராக அடித்தது.

கூரையில் ஒன்றும் இல்லை. என் கணவர் உட்காருகிற இடது பக்கத்தில் லேசாகச் சில கோடுகள். முன்பக்கத்தில் கொஞ்சம் கூடுதல். சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தேன். டிரைவர் பக்கக் கதவு வெள்ளையாக வெளுத்துக் கிடந்தது. கைப்பிடியைச் சுற்றி நார் உழுதிருந்தது. நகத்தை வைத்து இழுத்தேன். நகம் தடுக்கிக்கொண்டே போனது. நகம் தடுக்கினால் அது பூச்சைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பக்கவாட்டுக் கண்ணாடியின் உறையிலும் கீறல். பின்னால் டிக்கியில் நான் கை வைத்துத் திறக்கிற இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு அதே வெள்ளை. இடுக்குகளில் மஞ்சள் காய்ந்திருந்தது. கண்ணாடி ரப்பரில் இரண்டு கல்லுப்பு ஒட்டியிருந்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. ஒரு மனிதர் காரைக் கழுவினால் எல்லா இடத்தையும் ஒரே மாதிரிதானே கழுவுவார்? ஏன் இந்தக் கதவு? ஏன் இந்தக் கைப்பிடி? வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். இரண்டாம் சுற்றில், என் வலது கை தானாகக் கைப்பிடிக்குப் போனபோது, விளங்கிவிட்டது. கீறல் இருந்த இடமெல்லாம் நான் தொடுகிற இடம்.

கத்தவில்லை. வீட்டுக்குள் போய்க் கணவரைக் கூப்பிட்டேன். மாமியாரும் பின்னாலேயே வந்தார்.

"யாரு கழுவுனது?"

கணவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"நாந்தாஞ் சொன்னேன்" என்றார் மாமியார். குரலில் தயக்கமே இல்லை. "தூரமான கையில தொட்டுக் கழுவுன வண்டியை அப்படியே சாமி முன்னால கொண்டாந்து நிறுத்தறதா? மஞ்சளும் கல்லுப்பும் போட்டுக் கழுவச் சொன்னேன். இதுல என்ன தப்பு? நீ தூங்கிட்டிருந்தே, எழுப்ப வேண்டாம்னு விட்டோம்."

"கையில தண்ணி தெளிச்சாப் போதாதுங்களா? நாரு எதுக்கு?"

"தெளிச்சாப் போற தீட்டா அது? தேய்க்க வேணாமா?"

அத்தைக்கு நான் பிறகு பதில் சொல்லிக்கொள்ளலாம். அவர் நம்புகிறார், நம்பியதைச் சொல்கிறார். எனக்கு வேண்டியது இன்னொருவரின் வாய்.

"தேச்சது யாருங்க?" என்று கணவரிடம் கேட்டேன்.

அவர் மெதுவாக, "நாந்தான்" என்றார்.

"எதுக்குங்க கதவை மட்டும் இப்படித் தேச்சிருக்கறது?"

"அம்மா கூட நின்னாங்க. நீ தொடற எடமெல்லாம் நல்லாத் தேய்க்கச் சொன்னாங்க." பிறகு, "நோம்பி நாள்ல எதுக்குச் சண்டைன்னு..." என்றார்.

சத்தியம் செய்த மனிதர். இன்னொரு தடவை கிடையாது என்று மூன்று முறை கேட்ட மனிதர். என்னோடு ஒரே கட்டிலில் படுத்து, நான் ஓட்டும் வண்டியில் வாரம் இரண்டு நாள் சித்தூர்ச் சந்தைக்கு வருகிற மனிதர். நாரை எடுத்துக் கல்லுப்பில் முக்கி, என் கை பட்ட இடம் எது எது என்று யோசித்து யோசித்து, ஒன்று விடாமல் தேய்த்திருக்கிறார். முன்பு மூன்று வருடம் தேய்த்தது தெரியாமல் தேய்த்தது; அதை மன்னித்துத்தான் இருந்தேன். இது தெரிந்து தேய்த்தது. என் கை எங்கெல்லாம் படும் என்று இவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறாரே என்று ஒரு காலத்தில் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். அந்தக் கதவு முன்னால் நின்று, அவரை எனக்குப் பிடிக்கவில்லை என்று முதல் தடவையாக எனக்கு நானே வார்த்தையில் சொல்லிக்கொண்டேன்.

பாலக்காட்டுக்குக் கொண்டுபோனேன். பாலிஷ்காரர் மீட்டரை எடுக்கவே இல்லை. நகத்தை வைத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"மத்த இடம் கையால் கொஞ்சம் சரி பண்ணலாம். இந்தக் கதவுக்கு இனி மிஷின் ஆகாது டீச்சரே. புதுசா பெயிண்ட் அடிக்கணும். அடிச்சா நல்லாயிருக்கும், யாருக்கும் தெரியாது." பிறகு, "என்ன பற்றிச்சு, என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

முதல் தடவையாக ஒரு வெளி ஆளிடம் சொன்னேன். மாதவிலக்கு, மஞ்சள், கல்லுப்பு, நார், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எப்போது பெயிண்ட்டுக்கு விடுகிறீர்கள் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்று அவர் சொன்னதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. விடவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்யாணம். ஒரம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். மண்டபத்து வாசலில், நல்ல வெயிலில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். கணவரின் தாய்மாமா, எனக்குப் பெரியப்பா முறை, வந்து, "ஏனுங்க டீச்சர், கதவுக்கு என்ன ஆச்சு? யாரு இப்படிக் கீறுனது?" என்று கேட்டார்.

என் கணவர் முந்திக்கொண்டார். "முள்ளுச்செடி ஒரசிருச்சுங்க மாமா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார். என்னால் தாங்க முடியவில்லை.

"செடி இல்லீங்க பெரியப்பா" என்றேன். "ஆயுத பூஜையன்னிக்கு எனக்குத் தூரமுங்க. நான் கழுவுன வண்டி தீட்டுன்னு, நான் தொட்ட எடமாப் பாத்துக் கல்லுப்புப் போட்டு நாரால தேச்சாங்க. தேச்சவரு இவருதானுங்க."

சாதாரணக் குரலில்தான் சொன்னேன். சுற்றி நின்ற நாலு பேருக்கும் கேட்டது. தாய்மாமா துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, சாப்பிட இடம் பிடிக்க வேண்டும் என்று உள்ளே போனார். அவருடைய மருமகள் மட்டும் போகவில்லை. அந்தக் கதவருகே வந்து, கைப்பிடியைச் சுற்றியிருந்த கீறலை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அவளும் உள்ளே போனாள்.

அன்றிலிருந்து கேட்கிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். ஆசிரியர் அறையில் சொன்னேன். பெட்ரோல் பங்க்கில் சொன்னேன். டயர் மாற்றப் போன இடத்தில் சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் கேட்டார்கள், அவர்களுக்கும் சொன்னேன். இத்தனை வருடம் நான் நடத்திய பாடத்தைவிட அது அவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. கணவர் இப்போது என்னோடு எங்கும் வருவதில்லை. சந்தைக்குப் பஸ்ஸில் போகிறார். நான் கூப்பிடவும் இல்லை.

போன வாரம் மாமியார் மாடி அறைக்கே வந்தார். அவர் படியேறி வருவது அபூர்வம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து என் பக்கத்தில் வைத்தார்.

"அந்தக் கதவுக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சிரு அம்முணி. போற எடமெல்லாம் கேக்கறாங்க. வெளிய தலை காட்ட முடியலை. மானம் போகுது."

"யாரு மானமுங்க அத்தை?"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பணத்தை எடுத்து அவர் கையிலேயே வைத்து மூடினேன். மறுநாள் காலை அந்தக் கதவைத் திறந்து உட்கார்ந்து, பள்ளிக்குப் போனேன்.